ஆபீஸ் சர்வரில் ஃபைல் சேவ் ஆக லேட் ஆகுதா? அந்த ஒரு செட்டிங்கை மாற்றும் முன் இதைப் படிங்க!

சர்வரில் இருக்கும் ஃபைலைத் திறந்தால் உடனே திறக்கிறது. அதே ஃபைலை சேவ் செய்தால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் செய்த ஆவணங்களை ஷேர்டு ஃபோல்டரில் காப்பி செய்தால் பச்சைக் கோடு நகரவே மாட்டேங்குது. ஆபீஸில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நெட்வொர்க் ஸ்லோ!"

பல நேரங்களில் பிரச்னை நெட்வொர்க்கில் இருக்காது. அவசரத்தில் இணையத்தில் தேடி, ஒரு செட்டிங்கை மாற்றினால் வேகம் கூடிவிடும். ஆனால் அதற்கான விலை என்ன என்பது அடுத்த முறை கரண்ட் போகும்போதுதான் தெரியும். அந்த செட்டிங் என்ன? எழுதும் வேகம் குறைவதற்கு உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

வடசென்னைக்கு இது ஏன் முக்கியம்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுகப் பகுதியில் சரக்கை விடுவிப்பது பாதி லாரி வேலை, பாதி ஃபைல் வேலை. சிஎச்ஏ எனப்படும் சுங்கத் தரகர்கள், சிஎஃப்எஸ் எனப்படும் கன்டெய்னர் கிடங்குகள், கப்பல் ஏஜென்சிகள், தொழிற்சாலைகளின் எக்ஸ்போர்ட் பிரிவுகள் என எல்லா இடத்திலும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவை ஸ்கேன் செய்யப்பட்டு ஒரு பொது ஃபோல்டரில் சேமிக்கப்படுகின்றன.

இந்த மாற்றத்தில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு. சுங்க ஆவணங்களை காகிதமாகக் கொடுக்காமல் டிஜிட்டல் கையெழுத்துடன் இணையத்தில் பதிவேற்றும் 'இ-சஞ்சித்' வசதி 2017-ல் சோதனை முறையில் தொடங்கியது. அதற்காகத் தேர்வு செய்யப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்று டெல்லி ஏர் கார்கோ வளாகம், மற்றொன்று சென்னை சுங்க இல்லம். 2018-ல் இது நாடு முழுவதும் விரிந்தது. அதற்கு முன் அலமாரியில் இருந்த கட்டுகள் இப்போது சர்வரில் இருக்கின்றன.

இதில் இரண்டு கெடுக்கள் முக்கியம். ஒன்று, இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியை பொதுவாக சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம் உண்டு. இரண்டு, சுங்கத் தரகர்கள் தங்கள் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2018-ம் ஆண்டின் உரிம விதிமுறைகள் சொல்கின்றன.

அதாவது, ஃபைல் சீக்கிரம் சேவ் ஆகணும். அதே ஃபைல் 5 வருஷம் கழித்தும் இருக்கணும். இந்த இரண்டுக்கும் இடையேதான் இழுபறி.

படிப்பது வேகம், எழுதுவது மட்டும் ஏன் மெதுவாக?

ஒரு ஃபைலை நீங்கள் திறக்கும்போது, அது ஏற்கனவே சர்வரின் மெமரியில் இருந்தால் டிஸ்க்கைத் தொடாமலே வந்துவிடும். எழுதும்போது கதை வேறு. 'எழுதியாச்சு' என்று சர்வர் பதில் சொல்வதற்கு முன், அந்தத் தகவல் கரண்ட் போனாலும் அழியாத இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மெமரியில் இருந்தால் போதாது, டிஸ்க்கில் பதிய வேண்டும்.

லினக்ஸ், யூனிக்ஸ் உலகில் பயன்படும் என்எஃப்எஸ் எனும் நெட்வொர்க் ஃபைல் முறையை 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதன் பரவலான இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு சின்னத் துண்டையும் டிஸ்க்கில் பதித்த பிறகே சர்வர் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. பாதுகாப்பானது, ஆனால் ஆமை வேகம். 1995-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு வழி கண்டது. துண்டுகளை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடைசியில் 'கமிட்' என்று ஒரு கட்டளை வரும். அப்போது எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கிவிட்டு 'ஓகே' சொன்னால் போதும்.

இதனால் பெரிய ஃபைல்களின் வேகம் கூடியது. ஆனால் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால்? ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் உருவாக்க வேண்டும், தகவலை எழுத வேண்டும், கமிட் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் உறுதிமொழி தேவை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி செகண்ட் ஆகும். ஓர் உறுதிமொழிக்கு சுமார் 10 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். 300 கேபி அளவுள்ள 3,000 ஸ்கேன் ஃபைல்கள்; ஒவ்வொன்றுக்கும் 3 உறுதிமொழி. மொத்தம் 90 செகண்ட், காத்திருப்புக்கு மட்டுமே! அதே 900 எம்பியை ஒரே ஃபைலாக கிகாபிட் கேபிளில் அனுப்பினால் 10 செகண்டுக்குள் முடிந்துவிடும்.

அளவு ஒன்றுதான். எண்ணிக்கைதான் நேரத்தைத் தின்கிறது.

அந்த ஆபத்தான செட்டிங் எது?

என்எஃப்எஸ் சர்வரில் ஒவ்வொரு ஃபோல்டரையும் பகிரும்போது 'சிங்க்' அல்லது 'ஏசிங்க்' என்று குறிப்பிடலாம். சிங்க் என்றால், டிஸ்க்கில் பதிந்த பிறகே 'ஓகே'. ஏசிங்க் என்றால், தகவல் மெமரிக்கு வந்ததுமே 'ஓகே' சொல்லிவிட்டு, டிஸ்க்கில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஏசிங்க் போட்டால், மேலே சொன்ன 90 செகண்ட் காத்திருப்பு கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். "சூப்பர், பிரச்னை முடிஞ்சுது" என்று தோன்றும். ஆனால் உண்மையில் சர்வர் இப்போது பொய் சொல்கிறது. கமிட் கட்டளை வந்தாலும், டிஸ்க்கில் இறக்காமலே 'இறக்கியாச்சு' என்கிறது.

அந்த நேரத்தில் கரண்ட் போனால், மெமரியில் இருந்தவை அழிந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டருக்கோ 'சேவ் ஆகிவிட்டது' என்று பதில் வந்துவிட்டது. அதனால் அது மறுபடியும் அனுப்பாது. எரர் மெசேஜும் வராது. சில ஃபைல்கள் பூஜ்ய அளவில் இருக்கலாம், சில பாதியில் நிற்கலாம், சில பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். எது போனது என்பது அந்த ஃபைலைத் தேடும் நாளில்தான் தெரியும்.

இந்த ஆபத்து தெரிந்துதான் லினக்ஸ் என்எஃப்எஸ் தொகுப்பிலேயே மாற்றம் செய்யப்பட்டது. 1.0.0 வரையிலான பழைய வெளியீடுகளில் ஏசிங்க்தான் இயல்பான அமைப்பு. அதற்குப் பிந்தையவற்றில் சிங்க்தான் இயல்பு. நாமாக மாற்றினால் ஒழிய அது பாதுகாப்பாகவே இருக்கும்.

கரண்ட் போவது அரிதான விஷயமா? வடசென்னைவாசிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் பாதுகாப்பு கருதி மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின் நிலையத்தில் ஏற்பட்ட தீ விபத்தால், புயலும் இல்லாமல் மழையும் இல்லாமல் நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. முன்னறிவிப்பு இல்லாத இந்த மாதிரி கட்டில்தான் ஏசிங்க் தன் வேலையைக் காட்டும்.

எனவே செட்டிங்கில் கை வைப்பதற்கு முன், எங்கே தாமதம் என்று அளந்து பாருங்கள். கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

சோதனை 1: பெரிய ஃபைலா, சின்ன ஃபைல்களா?

1 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலை சர்வருக்கு காப்பி செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை காப்பி செய்யுங்கள்.

* பெரிய ஃபைலும் மெதுவாகப் போனால்: கேபிள், ஸ்விட்ச் அல்லது டிஸ்க்கின் மீது சந்தேகம்.
* பெரிய ஃபைல் வேகமாகப் போய், சின்னவை மட்டும் இழுத்தால்: உறுதிமொழிக்கான காத்திருப்பு, ஆன்டிவைரஸ் அல்லது தூரத்தின் மீது சந்தேகம்.
* தொடக்கத்தில் 110 எம்பி வேகம் காட்டி, சிறிது நேரத்தில் 20, 30 என்று விழுந்தால்: முதலில் மெமரி வாங்கிக்கொண்டது, அது நிரம்பியதும் டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளியே வந்துவிட்டது.

சோதனை 2: கேபிள் என்ன சொல்கிறது?

விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குப் போய் 'லிங்க் ஸ்பீடு' எவ்வளவு என்று பாருங்கள். லினக்ஸில் 'ஈத்டூல்' என்ற கருவி இதைக் காட்டும். 1000 எம்பிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், குற்றவாளி கிட்டத்தட்ட சிக்கிவிட்டார்.

நெட்வொர்க் கேபிளுக்குள் 4 ஜோடி வயர்கள் இருக்கும். கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 2 ஜோடி போதும். அதனால் ஒரு வயர் விட்டுப்போனாலும், கேபிளில் உள்ள மற்ற வயர்களின் தயவில் இணைப்பு 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கலாம். 'கனெக்ட் ஆகியிருக்கு' என்று நாமும் விட்டுவிடுவோம். 1 ஜிபி ஃபைல் 10 செகண்டில் போக வேண்டியது, ஒன்றரை நிமிடம் எடுக்கும்.

கடலோரத்தில் உப்பு கலந்த ஈரக் காற்று உலோக முனைகளை அரிக்கும். கப்பல் தளம், யார்டு, கிடங்கு பக்கத்தில் இருக்கும் அறைகளில் ஆர்ஜே45 முனையையும் ஸ்விட்ச் போர்ட்டையும் முதலில் பாருங்கள். முனையைப் புதிதாகக் கிரிம்ப் செய்தாலோ கேபிளை மாற்றினாலோ தீர்ந்துவிடக்கூடிய பிரச்னை இது.

தூரத்தையும் கவனியுங்கள். சாதாரண செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் வரம்பு. கேட்டில் உள்ள எடைமேடை அறையில் இருந்து நிர்வாகக் கட்டடம் வரை ஒரே கேபிளை இழுத்திருந்தால், பெரிய யார்டுகளில் இந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். அங்கே ஃபைபர்தான் சரி.

ஸ்விட்ச்சின் ஒரு முனையில் வேகத்தை கையால் நிர்ணயித்து, மறுமுனையை 'ஆட்டோ'வில் விட்டிருந்தாலும் சிக்கல். ஒரு பக்கம் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முயலும், மறுபக்கம் ஒன்று மட்டும்தான் செய்யும். சாதாரண பிரவுசிங்கில் தெரியாத இந்தக் கோளாறு, பெரிய ஃபைல் எழுதும்போது வேகத்தை அப்படியே சாய்த்துவிடும். 'ஜம்போ ஃபிரேம்' என்று பாக்கெட் அளவை சர்வரில் மட்டும் 9000-க்கு உயர்த்தி, ஸ்விட்ச்சில் மாற்றாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

டிஸ்க்கைச் சேர்க்காமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்க 'ஐபெர்ஃப்3' என்ற இலவசக் கருவி உதவும். கிகாபிட் இணைப்பில் அது 940 மெகாபிட் அளவுக்குக் காட்டினால் நெட்வொர்க் நல்லாவே இருக்கு. இனி அதைக் குறை சொல்ல வேண்டாம்.

சோதனை 3: சர்வரிலேயே எழுதிப் பாருங்கள்

நெட்வொர்க்கை ஒதுக்கிவிட்டு, சர்வரில் நேரடியாக ஒரு பெரிய ஃபைலை எழுதி அளக்க வேண்டும். லினக்ஸில் 'டிடி' என்ற கட்டளை இதற்குப் பயன்படும். இதில் இரண்டு தவறுகள் சகஜம். டிஸ்க்கில் இறங்கும் நேரத்தையும் சேர்த்து அளக்கும் ஆப்ஷனைப் போடாவிட்டால், மெமரியின் வேகத்தைத்தான் அது காட்டும். வெறும் பூஜ்யங்களை எழுதினால், தகவலைச் சுருக்கிச் சேமிக்கும் சர்வர்களில் இல்லாத வேகம் தெரியும்.

சர்வரிலேயே எழுதினாலும் மெதுவாக இருந்தால், என்எஃப்எஸ் மீதோ கேபிள் மீதோ தப்பு இல்லை. டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

சோதனை 4: டிஸ்க்கில் என்ன கோளாறு?

* ரெய்டு கார்டின் பேட்டரி: 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு திடீர்னு ஸ்லோ' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சர்வர்களில் உள்ள ரெய்டு கார்டு, தகவலைத் தன் மெமரியில் வாங்கி உடனே 'ஓகே' சொல்லும். கரண்ட் போனாலும் அந்த மெமரியைக் காப்பாற்ற ஒரு சின்ன பேட்டரி இருக்கும். பேட்டரி செத்துவிட்டால், கார்டு தானாகவே அந்தக் குறுக்குவழியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும். ஸ்லோ ஆனது கோளாறு அல்ல, பாதுகாப்பு. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பும்.

* ரெய்டு வகை: ரெய்டு 5-ல் ஒரு சின்ன மாற்றத்தை எழுத, பழைய தகவலைப் படி, சரிபார்ப்புத் தகவலைப் படி, புதிய தகவலை எழுது, சரிபார்ப்பை எழுது என்று 4 வேலை. ரெய்டு 6-ல் 6 வேலை. ரெய்டு 10-ல் 2 தான். சின்ன ஃபைல்கள் அதிகம் எழுதும் இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

* டிஸ்க்கின் ரகம்: 2020 ஏப்ரலில் ஒரு விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நாஸ் பெட்டிகளுக்கு என்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசையில், 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் 'எஸ்எம்ஆர்' தொழில்நுட்பத்தில் இயங்குவதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஓட்டு வேய்வது போல தகவல் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் முறை இது. நடுவில் ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதும்போது வேகம் விழுந்துவிடும். டிஸ்க் வாங்கும்போது 'சிஎம்ஆர்' ரகமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

* நிரம்பிய டிஸ்க், செத்த டிஸ்க்: டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தாலும், ரெய்டில் ஒரு டிஸ்க் செயலிழந்திருந்தாலும், புதிய டிஸ்க் போட்டு மீள்கட்டமைப்பு நடந்துகொண்டிருந்தாலும் எழுதும் வேகம் குறையும். இதில் இரண்டாவது காரணம் என்றால் பிரச்னை வேகம் அல்ல, உங்கள் தகவலே ஆபத்தில் இருக்கிறது. உடனே கவனிக்க வேண்டும்.

சோதனை 5: உங்கள் கம்ப்யூட்டரின் பங்கு என்ன?

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஷேர்டு ஃபோல்டரை மவுன்ட் செய்யும் வரியைப் பாருங்கள். சர்வர் பக்கத்து சிங்க் வேறு, கம்ப்யூட்டர் பக்கத்து சிங்க் வேறு. பாதுகாப்பு என்று நினைத்து கம்ப்யூட்டர் பக்கத்திலும் சிங்க் போட்டுவிட்டால், ஒவ்வொரு சின்னத் துண்டும் தனித்தனியாகக் காத்திருக்கும். 1995-க்கு முந்தைய வேகத்துக்கே திரும்பிப் போன மாதிரி. இங்கே அதை எடுத்துவிடுவது வழக்கமான நடைமுறை.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதும் துண்டின் அளவை 8 கேபி என்று நிர்ணயித்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். இப்போதைய லினக்ஸில் சர்வரும் கம்ப்யூட்டரும் தாமாகவே பேசி 1 எம்பி வரை முடிவு செய்துகொள்ளும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நாஸ் பெட்டியோடு பேசுவது பெரும்பாலும் எஸ்எம்பி என்ற முறையில். அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு சின்ன ஃபைலையும் திறந்து பார்ப்பது முதலாவது. இரண்டாவது, 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில், ப்ரோ போன்ற ரகங்களில், ஒவ்வொரு தகவல் பாக்கெட்டுக்கும் கையெழுத்து இடுவது இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டது. பழைய, சக்தி குறைந்த நாஸ் பெட்டிகள் இதில் திணறலாம். ஆனால் நடுவில் யாரும் புகுந்து தகவலை மாற்றாமல் தடுக்கும் ஏற்பாடு அது. வேகத்துக்காக அதை அணைப்பதைவிட, பெட்டியின் மென்பொருளை அப்டேட் செய்வதோ பெட்டியை மாற்றுவதோ மேல்.

மூன்றாவது, பல நாஸ் பெட்டிகளுக்குள் இருக்கும் 'சாம்பா' மென்பொருள். 2017-ல் வந்த 4.7 பதிப்பில் இருந்து, 'டிஸ்க்கில் இறக்கு' என்று கம்ப்யூட்டர் கேட்டால் அதை மதித்து நடப்பது இயல்பான அமைப்பு ஆனது. அப்டேட் செய்த பிறகு சில வேலைகள் மெதுவாகிவிட்டன என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுவும் பாதுகாப்புக்கான தாமதம்தான்.

சோதனை 6: சர்வர் எங்கே இருக்கிறது?

சர்வர் ராயபுரத்தில் அதே மாடியில் இருந்தால், ஒரு கேள்வி போய் பதில் வர 1 மில்லி செகண்டுக்கும் குறைவாகவே ஆகும். அதுவே வேறு ஊரில் உள்ள தலைமை அலுவலகத்திலோ கிளவுடிலோ இருந்து, விபிஎன் வழியாகப் போனால் 20 மில்லி செகண்ட் ஆகலாம். கேட்க சின்னதாகத் தெரியும். ஆனால் முன்பு பார்த்த அதே 3,000 ஃபைல்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 5 முறை போய்வர வேண்டும் என்றால், 15,000 பயணம். 20 மில்லி செகண்ட் வீதம் 300 செகண்ட், அதாவது 5 நிமிடம். இதில் தகவல் போகும் நேரம் சேரவில்லை.

இதற்கு இன்டர்நெட் பிளானை 100-ல் இருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் பெரிதாக மாறாது. பைப் அகலமானால் தண்ணீர் அதிகம் வரும். பைப்பின் நீளம் குறையாது.

பாதுகாப்பை விடாமல் வேகம் கூட்டுவது எப்படி?

1. கட்டாக அனுப்புங்கள்: ஸ்கேனிங்கை முதலில் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட்டு, ஒரு சரக்குக்கான ஃபைல்களை ஒரே ஜிப் ஆக்கி சர்வருக்கு அனுப்பலாம். காசு செலவில்லாத வழி இது. கம்ப்யூட்டரில் உள்ள பிரதியை, சர்வரில் திறந்து பார்த்த பிறகே அழியுங்கள்.

2. சரியான எஸ்எஸ்டி: திடீரென கரண்ட் போனாலும் தன்னிடம் உள்ளதை எழுதி முடிக்க, உள்ளேயே சின்ன மின்தேக்கிகள் கொண்ட எஸ்எஸ்டிகள் சர்வர்களுக்கு என்றே கிடைக்கின்றன. 'பவர் லாஸ் புரொடெக்‌ஷன்' என்று குறிப்பிடுவார்கள். ஹார்டு டிஸ்க் 10 மில்லி செகண்ட் எடுக்கும் உறுதிமொழியை இவை 1 மில்லி செகண்டுக்கும் குறைவாகத் தந்துவிடும். நமது கணக்கில் இருந்த 90 செகண்ட் காத்திருப்பு, 9 செகண்டுக்குக் கீழே வந்துவிடும், சிங்க் அமைப்பை மாற்றாமலே! 'இசட்எஃப்எஸ்' பயன்படுத்தும் நாஸ் பெட்டிகளில் எல்லா டிஸ்க்கையும் மாற்றத் தேவையில்லை. எழுதும் குறிப்பேடு போல செயல்பட இப்படி ஒரு எஸ்எஸ்டியைத் தனியாகச் சேர்த்தால் போதும். சாதாரண லேப்டாப் எஸ்எஸ்டி இதற்கு உதவாது.

3. யுபிஎஸ், கூடவே அந்த யுஎஸ்பி கேபிள்: யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்லும் கேபிள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் சர்வர் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்து, முறையாக அணையும். பல இடங்களில் இந்தக் கேபிள் பெட்டியிலேயே கிடக்கிறது. வேலை இல்லாத நேரத்தில், பேக்கப் எடுத்த பிறகு மெயினை ஆஃப் செய்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

4. ஏசிங்க் எங்கே போடலாம்? போனாலும் பரவாயில்லை என்கிற ஃபோல்டருக்கு மட்டும். மறுபடியும் உருவாக்கக்கூடிய தற்காலிக ஃபைல்கள், இன்னொரு இடத்தில் அசல் இருக்கும் பிரதிகள் போன்றவை. கையெழுத்திட்ட சுங்க ஆவணங்கள், கணக்கு சாஃப்ட்வேர் தகவல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு வேண்டவே வேண்டாம். யுபிஎஸ் இருக்கிறதே என்றும் நம்ப முடியாது. பவர் சப்ளை எரிந்துபோனாலும், சர்வர் ஹேங் ஆகி ரீஸ்டார்ட் ஆனாலும் மெமரியில் உள்ளது அழியத்தான் செய்யும்.

5. பேக்கப் தனி: ரெய்டு என்பது பேக்கப் அல்ல. தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். தரைத்தளத்தில் ஆபீஸ் என்றால், சர்வர் பெட்டியும் யுபிஎஸ்ஸும் தரையில் இருக்க வேண்டாம். மழைக்காலம் வந்தால் இதன் அருமை தெரியும்.

சர்வீஸ் செய்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எல்லோருக்கும் இந்தச் சோதனைகளைச் செய்ய நேரம் இருக்காது. சர்வீஸுக்கு வருபவரிடம் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

* என் கம்ப்யூட்டரில் இருந்து சர்வர் வரை லிங்க் ஸ்பீடு எவ்வளவு?
* நெட்வொர்க் இல்லாமல் சர்வரிலேயே எழுதினால் என்ன வேகம் வருகிறது?
* ரெய்டில் எல்லா டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்கிறதா? பேட்டரி எப்படி இருக்கிறது?
* வேகத்துக்காக ஏசிங்க் போட்டிருக்கிறீர்களா? எந்த ஃபோல்டருக்கு?
* இப்போது கரண்ட் போனால், கடைசி 1 நிமிடத்தில் சேவ் செய்த ஃபைல் இருக்குமா?

வேகம் கூடிய பிறகும் நான்காவது, ஐந்தாவது கேள்விகளை மறுபடியும் கேட்டுவிடுங்கள். 'எப்படி வேகம் கூடியது' என்பதற்கு 'கேபிள் மாற்றினேன்', 'பேட்டரி மாற்றினேன்', 'எஸ்எஸ்டி போட்டேன்' என்று பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 'ஒரு செட்டிங் மாற்றினேன்' என்று மட்டும் பதில் வந்தால், அது எந்த செட்டிங் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேவ் ஆக 2 நிமிடம் எடுத்த ஃபைலை நாளைக்கும் திறக்கலாம். 2 செகண்டில் சேவ் ஆகி, டிஸ்க்கையே எட்டாத ஃபைலை யாராலும் மீட்டுத் தர முடியாது.